மேல் கொக்கி

முடக்குவாதம் வந்ததும் நான் முதலில் தோற்றது ஜாக்கெட் கொக்கிகளிடம்தான். காலையில் விரல்கள் வீங்கி விறைத்து நிற்கும். தினமும் கணவரைக் கூப்பிட்டு ஐந்து கொக்கியையும் மாட்டிவிடச் சொல்வது, சீ, என்ன பிழைப்பு என்றிருந்தது. அந்த மனிதரோ பட்டாசுத் திரி கிள்ளுவதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டுவார். “சட்டுனு மாட்டுங்க, வெடிச்சிர மாட்டேன்” என்பேன்.

மதுரை டாக்டர் வாரம் ஒருமுறை போடும் மாத்திரை கொடுத்திருந்தார். கூடவே விருதுநகரில் ஓர் ஆயுர்வேத டாக்டரம்மாவிடமும் போனேன். தடவத் தைலம், வெந்நீர் ஒத்தடம், நேரத்துக்குத் தூக்கம், அவ்வளவுதான் சொன்னார். மதுரை மாத்திரையை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்று முதல் நாளே கண்டித்தார். அப்போது என் கணவர் வெளியே காரில் உட்கார்ந்து போனில் ஆர்டர் பேசிக்கொண்டிருந்தார்.

சில மாதத்தில் கீழ்க் கொக்கிகள் மூன்றை நானே மாட்டினேன். கண்ணாடி முன் நின்று தனியாகச் சிரித்தேன்.

எங்களுக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் சின்னப் பட்டாசு ஆலை. அங்கே ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனி அறை, தனி சல்லடை. ஒன்றைத் தொட்ட கையோடு இன்னொன்றின் அறைக்குள் யார் நுழைந்தாலும் என் கணவர் கத்தித் தீர்த்துவிடுவார். அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தார். தைலம் படுக்கையறையில், மாத்திரை அடுக்களையில். “ரெண்டையும் ஒரே ஒடம்புல சேக்கலாமா? தைலந்தான் கேக்குதுல்ல, அது போதும்” என்பார். நான் காதில் வாங்கவில்லை.

ஆனால் மாத்திரை வாங்கி வருவது அவர்தான். தீபாவளி சீசனில், “மதுரையில ஸ்டாக் இல்லையாம்” என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். லோடு, ஆர்டர் என்று வீடே அல்லோலகல்லோலப்பட்ட நேரம். நம்பிவிட்டேன்.

பொங்கலுக்குள் மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியது. வலது ஆள்காட்டி விரல் மடங்கியது, நிமிரவில்லை.

விருதுநகர் போனோம்; இந்த முறை கணவரும் உள்ளே வந்தார். டாக்டரம்மா கையைப் பார்த்ததும், “அக்கா, மாத்திரை போடுறீகளா?” என்றார்.

“கடையில இல்லையாமே.”

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார்.

“நாந்தான் வாங்கல. ரெண்டும் சேந்து இவளுக்கு ஏதும் ஆயிருமோன்னு பயந்துட்டேன்.”

“சேக்கையில பாத்துத்தான் சேக்கணும் அண்ணாச்சி. அதான் நான் உள்ளுக்கு எதுவுமே குடுக்கல. தைலம் தடவுறது மதுரை டாக்டருக்கும் தெரியும். அது வலிக்கும் விறைப்புக்கும் ஒத்தாசை, அம்புட்டுதான். நோயை அடக்கி வைக்கிறது மாத்திரை. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அடப்பாவி மனுசா என்று அங்கேயே கத்தினேன். வீடு வந்து சேரும்வரை திட்டினேன். எனக்காகப் பயந்து இதைச் செய்திருக்கிறார் என்பதுதான் எரிச்சலைக் கூட்டியது. முழுதாக வெறுக்கவும் வழியில்லையே!

இப்போது தைலமும் மாத்திரையும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனையும் தவறுவதில்லை. வீக்கம் வடிந்துவிட்டது. அந்த விரல் மட்டும் இனி நிமிராது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள்.

நான்கு கொக்கிகளை நானே மாட்டிக்கொள்கிறேன். மேல் கொக்கிக்கு அந்த விரல் வேண்டும். ஆலைக்குக் கிளம்புமுன், நான் கூப்பிடாமலே வந்து நிற்கிறார். மாட்டும்போது அவர் பார்வை என் விரலுக்குத்தான் போகும். நான் அதை மறைப்பதில்லை.