முருகன் படத்துக்குப் பின்னால்

ஊரப்பாக்கத்தில் அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது, படுக்கையறைச் சுவரில் பெரிய முருகன் காலண்டர் தொங்கியது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனதாம். கும்பிட்டுவிட்டு, வீடு பிடித்திருக்கிறது என்றேன்.

பால் காய்ச்சிக் குடிவந்த வாரமே நல்ல மழை. காலண்டர் ஊறிக் கிழிந்து விழுந்தது. அது மறைத்திருந்த இடம் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை.

ஓனரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். "மழை நிக்கட்டும்மா, பூசிடலாம்" என்பார். என் மகனுக்கு இருமல் விடவே இல்லை. காலி செய்கிறோம் என்றதற்கு, "பதினோரு மாச அக்ரிமென்ட். நடுவுல போறதுன்னா நீங்களே ஒரு ஆளை விட்டுட்டுப் போங்க" என்றார்.

பார்க்க வந்த மூன்று குடும்பமும் அந்தச் சுவரைப் பார்த்ததும் திரும்பிவிட்டது. நான்காவதாக ஒரு பெண் வருகிறேன் என்றாள். கடைக்குப் போய்ப் பெரிய முருகன் காலண்டராகப் பார்த்து வாங்கி வந்து, அதே ஆணியில் மாட்டினேன். சாமி படத்தை யாரும் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். நானே பார்க்கவில்லையே.

வந்தவளின் இடுப்பில் குழந்தை. "பாப்பாவுக்கு வீசிங் இருக்குக்கா. சுவத்துல ஓதம் கீதம் எதுவும் இல்லையே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

அவள் காலண்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குழந்தையின் கையையும் பிடித்து வைத்தாள். படம் லேசாக ஆடி நின்றது.

இப்போது மாடம்பாக்கத்தில் இருக்கிறோம். மகனுக்கு இருமல் நின்றுவிட்டது. அவள் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. மழை பிடித்தால் எடுத்துப் பார்க்கிறேன். இதுவரை கூப்பிட்டதில்லை.