தாத்தாவுக்குக் கிடைத்த பரிசு

என் வாப்பாவை ஒருமுறை மேடையில் ஏற்றி, நல்ல தகப்பன் என்று பரிசு கொடுத்தார்கள். அதற்கு முழுக் காரணமும் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. இப்போது முப்பதைத் தாண்டிவிட்டேன். இடையில் எத்தனையோ கோபங்கள் வந்து போய்விட்டன. இது மட்டும் போகவில்லை.

திருகோணமலையில் உள்துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஒழுங்கையில் நாங்கள் இருந்தோம். வாப்பா கிண்ணியாக்காரர். கப்பலில் இருந்து சீமெந்து மூட்டை இறக்குவது அவருடைய வேலை. உம்மா குவைத்தில் யாரோ ஒருவருடைய பிள்ளைகளைப் பார்ப்பதற்காகப் போயிருந்தார். உம்மாவின் சொந்தப் பிள்ளைகளான என்னையும் மூன்று வயதுத் தம்பியையும் பார்ப்பதற்கு எங்கள் மூத்தவள் இருந்தாள். உம்மா விமானம் ஏறிய வாரமே அவளைப் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தில் இருந்து நிற்பாட்டிவிட்டார்கள். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார் வாப்பா. அந்தக் கொஞ்ச நாள் ஒன்றரை வருடமாகியிருந்தது.

மூத்தவளை நாங்கள் தாத்தா என்று கூப்பிடுவோம். உம்மாவின் ஊர் மாவனல்லைப் பக்கம். அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்குத் தாத்தா என்றுதான் சொல்லுவார்கள். கிண்ணியாவில் அதே ஆளை ராத்தா என்பார்கள். வாப்பாவின் சொந்தக்காரர்கள் எங்களைக் கேலி செய்வதுண்டு. ஆனாலும் உம்மா கற்றுக்கொடுத்த சொல்லை நாங்கள் விடவில்லை. எனக்கு அதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. தாத்தா என்றால் விடிய முன்னம் எழும்புகிறவள், தலை பின்னிவிடுகிறவள், குசினியில் அடுப்போடு நிற்கிறவள். குழப்பமெல்லாம் வீட்டுக்கு வெளியில் இருந்தது.

அந்த வருடம் சிங்களம் படிப்பிக்க எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு சிங்கள டீச்சர் வந்தார். கந்தளாயில் இருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். தமிழ் அவருக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாது. ஆனால் நல்ல மனிதர், யாருக்கும் அடித்ததில்லை. அவர் குடும்ப உறவுப் பெயர்களைப் படிப்பித்த இரண்டு வாரமும் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். திரும்பிப் போன அன்று கரும்பலகையில் கட்டுரைத் தலைப்பாக 'மகே தாத்தா' என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. 'மகே' என்றால் 'என்னுடைய' என்பது எனக்குத் தெரியும். மற்றச் சொல்லைப் பற்றி யாரிடமும் கேட்கவேண்டிய தேவையே வரவில்லை. அது எங்கள் வீட்டுச் சொல். சிங்களத்திலும் அக்காவுக்கு இதுதான் சொல் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

எனக்குப் பக்கத்தில் நிலாவெளியில் இருந்து வருகிற ஒரு பிள்ளை இருந்தாள். தமிழ்ப் பிள்ளை. வகுப்பில் கவனம் வைத்திருக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவள் தன் அம்மாவின் தகப்பனைப் பற்றி எழுதினாள். 'என் தாத்தாவுக்குப் பல் இல்லை. கம்பு ஊன்றி நடப்பார்.' டீச்சர் சிரித்துச் சிரித்து அதை வெட்டிவிட்டு, 'தாத்தா என்றால் அப்பா' என்று அவளுக்கு விளங்கப்படுத்தினாராம். நான் அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன்.

என்னுடைய கட்டுரையை அவர் வெட்டவில்லை. அதில் ஒரு தகப்பன் செய்ய முடியாத காரியம் எதுவும் இருக்கவில்லை, செய்யாத காரியங்கள்தான் இருந்தன. 'என் தாத்தா எல்லாருக்கும் முதல் எழும்புவார். ரொட்டி சுடுவார். எனக்கு இரட்டைப் பின்னல் பின்னுவார். தம்பிக்குச் சோறு ஊட்டுவார். என் புத்தகத்தை இரவில் அவரும் படிப்பார். வெள்ளிக்கிழமை உம்மா தொலைபேசியில் கதைத்தால் சிரிப்பார். பிறகு போய்ச் சட்டி கழுவுவார்.' சிங்களத்தில் 'எயா' என்று ஒரு சொல் இருக்கிறது. அவன், அவள், அவர் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றே போதும். கட்டுரை முழுக்க எயா, எயா என்று எழுதியிருந்தேன். ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க அதில் ஒரு வழியும் இல்லை.

டீச்சர் அதை வாசித்து அழுதுவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்து மொழி விழாவில் அந்தக் கட்டுரைக்கு முதல் பரிசு. வாப்பா வேலைக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். சட்டையை இஸ்திரி போட்டவள் பின் வரிசையில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் ஒலிவாங்கி முன்னால் நின்று வாசித்தேன். தாத்தாவுக்கு நல்ல சிங்களம் தெரியும், வகுப்பில் அதில் எப்போதும் அவள்தான் முதலாவது. மூன்றாவது வரி வாசிக்கும்போது அவளைப் பார்த்தேன். முகத்தைத் தம்பியின் தலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு வெட்கச் சிரிப்பை நான் அவளிடம் கண்டதில்லை.

வாசித்து முடித்ததும் கைதட்டு. டீச்சர் ஒலிவாங்கியை வாங்கி, இப்படிப்பட்ட ஒரு தாத்தாவை நாம் எல்லோரும் பார்க்கவேண்டாமா என்று கேட்டு, மேடைக்கு வரச் சொன்னார்.

எழுந்தது வாப்பா.

வாப்பாவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். துறைமுகத்தில் பாதிப் பேரோடு அவர் சிங்களத்தில்தான் கதைப்பார். நான் வாசித்ததில் ஒரு வரியைக்கூட அவர் செய்ததில்லை என்பது அவருக்கு விளங்காமல் இருந்திருக்காது. எழுந்த பிறகு ஒரு தடவை பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அதையும் நான் கண்டேன். பிறகு முன்னுக்குத் திரும்பி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து வந்தார். அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். சிரித்துக்கொண்டே வாங்கினார். இருபத்திச் சொச்சம் வருடத்துக்குப் பிறகும் என்னால் பொறுக்க ஏலாமல் இருப்பது அந்தச் சிரிப்பைத்தான்.

நான் மேடையிலேயே கத்தினேன். "வாப்பா இல்ல! தாத்தா!"

டீச்சர் என் கன்னத்தைத் தடவினார். "ஒவ் துவ, தாத்தா" என்றார். ஓம் மகள், அப்பாதான் என்று அர்த்தம்.

"வாப்பா இல்ல டீச்சர், தாத்தா! தாத்தா!"

"தெகம எகய்" என்றார் அவர். இரண்டும் ஒன்றுதானாம்.

எங்கள் பள்ளிக்கூட அதிபர் ஊர்த் தமிழர். பிள்ளை ஏன் அழுகிறது என்று அவர் குனிந்து கேட்டார். இவருக்காவது விளங்கும் என்று நினைத்து, "சேர், இது தாத்தாவுக்குக் குடுக்கிற பரிசு" என்றேன்.

"ஓ, தாத்தாவோ? அவரும் வந்திருக்கிறாரோ? வயசு போன ஆள், கதிரையில இருத்துங்கோ" என்று அவர் கூட்டத்துக்குள் ஒரு கிழவரைத் தேடினார்.

அந்த மண்டபத்தில் என் வாயில் இருந்தது ஒரே ஒரு சொல். அதை எவ்வளவு உரத்துச் சொன்னேனோ அவ்வளவு பிழையாக அது போய்ச் சேர்ந்தது. நான் காலை உதைத்து அழுதேன். பரிசு கிடைத்த சந்தோஷத்தில் பிள்ளை அழுகிறது என்று யாரோ சொன்னார்கள். பின் வரிசையைப் பார்த்தேன். தாத்தா எழுந்து, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

நான் இப்போது மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். துறைமுகத்துக்கு வருகிற பல நாட்டுக் கப்பல்காரரோடு பழக்கம் உண்டு. தெலுங்கு பேசும் ஒருவர் தாத்தா என்றால் தன் பாட்டன் என்றார். போலந்துக்காரர் ஒருவர் தன் தகப்பனைத் தாத்தா என்று சொல்லிப் படம் காட்டினார். ருமேனியாக்காரரும் அப்படியே. பிலிப்பைன்ஸ்காரரின் தகப்பன் 'தாத்தாய்'. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸைப் பார்த்துக் கையாட்டிச் சொல்லும் டாட்டாவும் கிட்டத்தட்ட அதே சத்தம். இவர்களில் யாரும் யாரிடமும் கடன் வாங்கியிருக்கவேண்டும் என்றில்லை. பல் முளைக்காத குழந்தை தானாக எழுப்புகிற சத்தங்களில் ஒன்று அது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். குழந்தை யாரையும் கூப்பிடுவதில்லையாம். பக்கத்தில் நிற்கிற பெரியவர்கள் ஆளுக்காள் அதைத் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்கிறார்களாம். இதைப் படித்தபோது என் கோபம் குறைந்திருக்கவேண்டும். குறையவில்லை. சொல்லை யாரும் எடுத்துக்கொள்ளட்டும். கடிகாரத்தை வாப்பா ஏன் எடுத்தார்?

கடிகாரம் முன் அறையில் தொங்கியது. துறைமுகத்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். வாப்பாவுக்கு 'ஹொந்த தாத்தா', நல்ல அப்பா, என்று பட்டம் வைத்தார்கள். தாத்தா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மூன்று நாள் ஒரு சொல் கதைக்கவில்லை. நான் கிட்டப் போனால், பின்னலை மண்டை வலிக்கும் அளவுக்கு இறுக்கினாள். என்மேல்தான் கோபம் என்று நினைத்தேன். "நான் சரியாத்தானே எழுதினனான்" என்று அவளிடம் வாதாடினேன்.

நான்காம் நாள் காலை வாப்பா வேலைக்குப் போனதும் அவள் கதிரையைப் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஒரு கையில் கடிகாரமும் மற்றக் கையில் நானுமாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அவளுடைய வேகத்துக்கு நான் ஓடவேண்டியிருந்தது.

அதிபரின் மேசையில் கடிகாரத்தை வைத்தாள். "ஆள் மாறிக் குடுத்திட்டீங்க சேர்."

அதிபர் சிங்கள டீச்சரைக் கூப்பிட்டார். தாத்தா அவரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னாள். "ஏ தாத்தா மம, மிஸ்." அந்தத் தாத்தா நான்.

டீச்சருக்கு முதலில் சிரிப்பு வந்தது. எதிரில் முக்காட்டோடு நிற்கும் பெட்டை, அந்தத் தகப்பன் நான்தான் என்கிறாள். பிறகு தாத்தா நிறுத்தி நிறுத்தி விளக்கினாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் யாருக்கு, எந்த ஊரில் இருந்து வந்தது என்பதெல்லாம். டீச்சர் என் கொப்பியை எடுத்து வரச் சொல்லி, கட்டுரையை மறுபடி வாசித்தார். இந்தத் தடவை மிக மெதுவாக. வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது.

"அப்படியென்றால் உங்கள் அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டார்.

"மூட்டை இறக்குகிறார். கஷ்டமான வேலை. அதுக்கு ஒரு பரிசு குடுங்க, நான் வந்து கை தட்டுறன்" என்றாள் தாத்தா. அதையும் சிங்களத்தில்தான் சொன்னாள்.

"நீ ஏன் பள்ளிக்கூடம் வருவதில்லை?"

அதற்கு அவளுக்குச் சிங்களம் வரவில்லை. தமிழில்தான் சொன்னாள். "அதத்தானே மிஸ் இவ எழுதியிருக்கிறா."

அதிபர் அதை மொழிபெயர்த்தார்.

அன்று பின்னேரம் வாப்பாவுக்கு ஆள் அனுப்பினார்கள். போய் வந்தவர் வாசலிலேயே கத்தத் தொடங்கினார். ஊர் முழுக்கத் தன்னை நாற வைத்துவிட்டாளாம். இவளை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டுமாம். இவள் போனால் வீட்டை யார் பார்ப்பது, சின்னவனை யார் பார்ப்பது?

தாத்தா குசினியில் இருந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "ஹொந்த தாத்தா பார்ப்பார். மேடையில ஏறி அதுக்குத்தானே பரிசு வாங்கினீங்க? பாருங்க வாப்பா."

வாப்பா கையை ஓங்கினார். அவள் நகரவில்லை. ஓங்கிய கை அப்படியே சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் போய் ஊன்றியது. கையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஒரு கிழமைக்குள் கிண்ணியாவில் இருந்து வாப்பாவின் தங்கை, எங்கள் மாமி, எங்களோடு இருக்க வந்தார். பிள்ளை குட்டி இல்லாதவர். வாப்பா கூப்பிட்டவுடன் வந்தார், ஒன்றரை வருடமாகக் கூப்பிடாததற்குத்தான் குறைப்பட்டார்.

பத்தாம் ஆண்டில் தாத்தாவுக்கு மறுபடி இடம் கிடைத்தது. அவள் பள்ளிக்குப் போன முதல் நாள் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்களுக்கு முன்னால் போய்ப் பதிய வேண்டியிருந்ததால் பழைய சீருடையை மடிப்புப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வெள்ளெனவே கிளம்பிவிட்டாள். ரொட்டி சுட்டது மாமி. என் தலையைப் பின்னியதும் மாமி. ஒரு பின்னல் மேலே, ஒரு பின்னல் கீழே. தம்பி அழுதுகொண்டிருந்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் ஒழுங்கையில் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவளுக்காக மேடையில் கத்தியவள் நான், காலை உதைத்து அழுதவள் நான். அதற்கு அவள் எனக்குச் செய்வது இதுதானா? வாசல் படலைக்கு ஓடினேன். பிறந்த நாளில் இருந்து அவளை நீங்க என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாயால் கத்தினேன்.

"நீ என்ட தாத்தா இல்ல!"

அவள் நின்றாள். திரும்பினாள். அடிக்க வரப்போகிறாள் என்று படலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். தோள் குலுங்க, வாயைப் பொத்தாமல், ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.

"ஓம்டி" என்றாள். "இல்லத்தான்."

அப்படியே திரும்பி ஓடிப்போனாள். அன்று பள்ளிக்கூடத்தில், தாத்தா என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று நான் அழுதுகொண்டே இருந்தேன். அவள் அந்தச் சொல்லைச் சிங்களத்தில் கேட்டாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.