எங்கே இருக்கிறாய்? ஓவர்

கலீலா யாரையும் நம்பமாட்டாள். மீன் கடையில் நின்றால் மீனைப் பார்க்கமாட்டாள், தராசின் மேல் இருக்கும் கடைக்காரனின் கட்டைவிரலைத்தான் பார்ப்பாள். போர்ட் ஃபுவாதிலிருந்து சூயஸ் கால்வாயைக் கடக்கும் படகில் பையை வயிற்றோடு அணைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் கட்டிக்கொண்டு நிற்பாள். மகன் ஹாஸிம் காய்ச்சல் என்று படுத்துவிட்டால், தெர்மாமீட்டரைத் தேநீரில் முக்கி எடுத்தானா என்று முதலில் முகர்ந்து பார்ப்பாள். அதற்கப்புறம்தான் நெற்றியைத் தொடுவாள்.

அந்தக் குணம் பிறவியில் வந்ததோ என்னவோ, அதை வளர்த்துவிட்டது வேலை. எகிப்தின் போர்ட் சயீதில் தொள்ளாயிரம் பெண்கள் தைக்கும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை அது. அதன் வெளிவாசலில், வீட்டுக்குப் போகும் பெண்களைத் தடவிச் சோதிக்கும் காவலாளியாகப் பதினோரு வருடம் நின்றாள். அங்கே எல்லோருக்கும் அவள் 'உம்மு ஹாஸிம்', ஹாஸிமின் அம்மா. முதல் வருடத்திலேயே ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் வயிற்றிலிருந்து நாலு சட்டைகளை உருவினாள். அதற்குப் பிறகு எந்த வயிற்றைப் பார்த்தாலும் கண் சுருங்கும். நிஜமாகவே பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த ஒருத்தி ஒருநாள், "நல்லா அழுத்திப் பாருங்க உம்மு ஹாஸிம், உள்ள இருக்கறவன் உங்களை உதைப்பான்!" என்று கத்தினாள். அவன் நிஜமாகவே உதைத்தான். வரிசையே சிரித்தது. கலீலா சிரிக்கவில்லை. அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் போனதும் அவளை வாக்கி டாக்கி அறைக்கு மாற்றினார்கள். என்ன ஒரு பொருத்தம்! ஆறு காவலாளிகள், ஆறு கருவிகள், நடுவில் ஒரு மேஜை, அதில் கலீலா. பட்டனை அழுத்தியதும் பேசக்கூடாது, மனசுக்குள் ஒன்று எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் முதல் சொல்லைக் காற்று தின்றுவிடும் என்பதை அத்தனை பேருக்கும் திட்டித் திட்டியே பழக்கினாள். சொன்னதைத் திருப்பிச் சொல்லாதவனை விடவேமாட்டாள். எல்லாம் சரி என்பதற்கு அவர்கள் ராணுவத்தில் பழகிய ஒரே சொல் 'தமாம்'. அந்த ஒரு சொல்லின் பின்னால் வரும் சத்தத்தை வைத்தே ஆள் எங்கே நிற்கிறான் என்று சொல்லிவிடுவாள். மினிபஸ் பையன்கள் கூவினால் முதல் வாசல். பெரிய அண்டா கொதிப்பதுபோல உறுமினால் பாய்லர் அறை.

ஆனாலும் அவளுக்குப் போதவில்லை. அதனால் தானாகவே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "நாலு, எங்க இருக்க? அடுத்து எங்க போற? ஓவர்."

நாலு என்பது சுற்றிவரும் ரோந்துக்காரன் வகீஹ். "பாய்லர் பக்கம். அடுத்து ரெண்டாம் வாசல். ஓவர். நடுவுல தும்மினேன், அதையும் எழுதிக்கோங்க."

இப்படியே நாலு வருடம் ஓடியது. பிறகு துணி ரோல்கள் காணாமல் போக ஆரம்பித்தன.

இரண்டு மாதத்தில் மூன்று ரோல். மூன்றும் பட்டப்பகலில், உணவு இடைவேளையில், வகீஹ் தொழிற்சாலையின் மறுகோடியில் இருந்த சமயத்தில். துணிக்கிடங்கின் பக்கக் கதவுப் பூட்டு உடையாமல் திறந்திருந்தது.

எல்லோரும் 'உஸ்தாஸ்', அதாவது ஐயா, என்று கூப்பிடும் பாதுகாப்பு மேலாளர் ரிஃப்கி அவளைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

"ரோந்து எப்ப முதுகைத் திருப்புதுன்னு திருடனுக்கு நிமிஷக் கணக்கா தெரியுது. இந்தத் தொழிற்சாலையில அது யாருக்குத் தெரியும்?"

"எனக்கு," என்றாள் கலீலா. சொன்ன பிறகுதான் அவர் எதைக் கேட்டார் என்பது உறைத்தது.

"வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். யாரு சொல்றாங்கன்னு ஒரு பேரு வேணும். பேரு வரலைன்னா கருவியை மேஜையில வச்சிட்டு வீட்டுக்குப் போங்க. ஏன் போனீங்கன்னு யாராவது கேட்டா, நான் மறைக்கமாட்டேன்."

அன்று வெளிவாசலில் நக்வா அவளைச் சோதித்தாள். கலீலாவே கைபிடித்து வேலை சொல்லிக்கொடுத்த சின்னப் பெண். வழக்கமாகத் தோளைத் தொட்டு அனுப்பிவிடுவாள். அன்று இடுப்பு, கால், பையின் அடித்துணி எல்லாவற்றையும் தடவினாள். "மன்னிச்சுக்கோங்க உம்மு ஹாஸிம், மேல சொல்லியிருக்காங்க." பின்னால் நின்ற வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. பதினோரு வருடம் அந்த இடத்தில் தன் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பது அவளுக்கு அப்போதுதான், தன் உடம்பிலேயே தெரிந்தது. படகில் கால்வாய்த் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். பை திறந்தே கிடந்தது, மூடத் தோன்றவில்லை.

ஆனால் சந்தேகம் மட்டும் போகவில்லை. அது வகீஹ் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது ரோல் போன நாளில் அவன் "பாய்லர் பக்கம், தமாம்" என்றான். பின்னால் பாய்லர் உறுமவில்லை. வெறும் அமைதி. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடித்துக் காட்ட வேண்டும்.

புதன்கிழமை, உணவு இடைவேளை. நக்வாவை வாக்கி டாக்கி அறையில் உட்காரவைத்தாள்.

"பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை நாலைக் கேளு. நான் எங்கன்னு யாரு கேட்டாலும் கழிவறைன்னு சொல்லு."

"அரை மணி நேரமா கழிவறையா?"

"வயிறு சரியில்லைன்னு சொல்லு பொண்ணே! எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

கிடங்கின் பக்கக் கதவுக்கு எதிரே, வேஸ்ட் துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். வகீஹ் அந்தக் கதவுக்கு வருவான், வந்தே தீருவான். அவன் காதில் விழக்கூடாது என்று நக்வாவிடம் வாங்கி இடுப்பில் மாட்டியிருந்த கருவியை அணைத்தாள். விளக்கு அணைந்ததா என்று இரண்டு முறை பார்த்தாள்.

மூட்டைகளை ஏற்ற தினமும் வரும் லாரி பத்தடி தள்ளி நின்றது. அதன் ஓட்டுநர் பஷந்தி ஜன்னலில் முழங்கையை வைத்து ஃபூல் என்னும் மசித்த மொச்சை வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். வரும்போதெல்லாம் எல்லோருக்கும் சிகரெட் நீட்டும் சிரித்த முகத்துக்காரன்.

அப்போது நக்வாவின் குரல் கேட்டது. "நாலு, எங்க இருக்க? அடுத்து எங்க போற? ஓவர்."

கலீலா பதறிப்போய் இடுப்பைப் பொத்தினாள். கருவி அணைந்துதான் கிடந்தது.

"பாய்லர் பக்கம். அடுத்து ரெண்டாம் வாசல். ஓவர்." இது வகீஹ். பின்னால் பாய்லர் உறுமியது.

இரண்டு குரல்களும் லாரிக்குள்ளிருந்து வந்தன.

பஷந்தி மிச்ச ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவனிடமும் ஒரு கருவி! போன வருடம் வேலையை விட்டுப்போன ஒரு காவலாளி, படகிலிருந்து குனிந்தபோது கருவி கால்வாயில் விழுந்துவிட்டது என்று அழுதான். அவன் பையை உதறிப் பார்த்தவள் அவள்தான். பையில் இல்லாததால் தண்ணீரில்தான் போயிருக்கும் என்று நம்பினாள். வாழ்நாளில் அவள் நம்பிய ஒரே கதை அது!

அழைக்கக் கை போனது. பட்டனில் விரலை வைத்தவள் எடுத்துவிட்டாள். அவள் எதைச் சொன்னாலும் முதலில் கேட்கப்போவது இவன்தானே. வேறு வழியில்லை. தேய்ந்த முழங்கால்களோடு மூட்டைகளின் பின்புறமாகவே ஓடினாள். ஓட்டம் என்று அதைச் சொல்லக்கூடாது, ஆனாலும் ஓடினாள்.

வகீஹ் பாய்லர் அறையை விட்டு அப்போதுதான் வெளியே வந்தான். மூச்சிரைக்க நின்றவளைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினான். "வாங்க உம்மு ஹாஸிம். எந்தப் பாக்கெட்டை முதல்ல பாக்கறீங்க?"

"அன்னிக்குப் பாய்லர் சத்தம் ஏன் வரல?"

"என்னிக்கு? ஓ... அன்னிக்குச் சுத்தம் பண்ண நிறுத்தியிருந்தாங்க. ஃபிட்டரைக் கேளுங்க. இதுக்கா ஓடிவந்தீங்க?"

ஃபிட்டரைக் கேட்க நேரமில்லை. அவள் வாழ்க்கையில் முதன்முறையாக, சரிபார்க்காத ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டியிருந்தது. லாரியை, உள்ளே கேட்ட குரலை, எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

"ரெண்டாம் வாசல்ல சண்டைன்னு கருவியில சொல்லு. பத்து நிமிஷம் ஆகும்னு சொல்லு. சொல்லிட்டு என்கூட கிடங்குக்கு வா."

"என்னை நம்பறீங்களா?"

"இப்போதைக்கு."

அவன் வெடித்துச் சிரிக்கப் பார்த்து, அடக்கிக்கொண்டு பட்டனை அழுத்தினான். ஒன்று எண்ணினான். "நாலு பேசறேன். ரெண்டாம் வாசல்ல டீக்காரனுக்கும் மினிபஸ்காரனுக்கும் அடிதடி. பத்து நிமிஷம் ஆகும். ஓவர்."

"ரெண்டாம் வாசல்ல அடிதடி, பத்து நிமிஷம். சரி. ஓவர்," என்று நக்வா திருப்பிச் சொன்னாள்.

அவர்கள் கிடங்கின் மூலைக்கு வந்தபோது பக்கக் கதவு திறந்திருந்தது. தோளில் நீல நிற ரோலோடு பஷந்தி வெளியே வந்தான். வகீஹ் வழியில் நிற்பதைப் பார்த்ததும் பழக்கத்தில் சிரித்தான். "தரையில கிடந்துச்சு, எடுத்து வைக்கலாம்னு..." ரோலைப் போட்டுவிட்டு லாரிக்கு ஓடினான். வகீஹ் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். இருக்கைக்கு அடியில் பழைய சட்டையில் சுற்றி வைத்திருந்த, கணக்கில் வராத அந்தக் கருவியைக் கலீலா வெளியே எடுத்தபோதும் அது பேசிக்கொண்டேதான் இருந்தது. "நாலு, சண்டை முடிஞ்சுதா? ஓவர்." பஷந்தியின் சட்டைப்பையில் பக்கக் கதவின் கள்ளச்சாவி இருந்தது.

உஸ்தாஸ் ரிஃப்கி இந்த முறை அவளை உட்காரச் சொன்னார். தேநீர்கூட வந்தது.

"நல்ல வேலை பண்ணீங்க உம்மு ஹாஸிம். கருவியை வித்தவனை போலீஸ் பாத்துக்கும். உள்ள இருந்து வேற யாரும் தகவல் சொல்லலையே? அப்படின்னா யார் பேரும் எழுத வேண்டாம், முடிச்சிடலாம்."

தேநீரை அவள் தொடவில்லை. முடிச்சிடலாம் என்றால் முடிந்துவிடும். கருவியும் மேஜையும் அவளுக்கே. ஆனால் அதை விழுங்க முடியவில்லை.

"ஒரு பேரு இருக்கு உஸ்தாஸ். நான்தான் சொன்னேன். நாலு வருஷமா பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை கேட்டு, அவனை வாய்விட்டு சொல்லவச்சு, ஊருக்கே கேக்கவச்சேன். எங்க இருக்க, எங்க போறன்னு. திருடனுக்கு எதையும் கேக்க வேண்டிய அவசியமே வரல. எல்லாத்தையும் அவனுக்காக நானே கேட்டேன்."

ரிஃப்கி தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார். "வேணும்னு செஞ்சதில்லையே."

"வேணும்னுதான் செஞ்சேன். வகீஹை நம்பாமதான் செஞ்சேன்."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். "நாளைக்குக் காலைல ஆறு பேரையும் கூப்பிட்டு நேர்ல உட்காரவைங்க. இடத்துக்கெல்லாம் நம்பர் போட்டு, வாரத்துக்கு ஒருதடவை நீங்களே மாத்துங்க. இனி அந்தக் கருவியில யாரும் இடத்தோட பேரைச் சொல்லக்கூடாது. நீங்களும் கேக்கக்கூடாது. முடியுமா உங்களால?"

கலீலா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"தெரியல உஸ்தாஸ்," என்றாள். "முயற்சி பண்றேன்."