உழவு எஞ்சின் பூட்டிய வள்ளம்

பேய், ஏவல், சூனியம் என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். எங்கள் துறைமுகப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நல்ல நேரம் பார்த்து வள்ளம் இறக்குகிறவர்களிடம் "கடலுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியுமோ?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதனால் உங்களை நம்பவைக்க வேண்டும் என்று இதைச் சொல்ல வரவில்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். ஆனால் எனக்குக் கண் மங்கிவிட்டது என்று மட்டும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னதற்காக என் மனைவியோடேயே கொஞ்ச நாள் கதைக்காமல் இருந்தவன் நான்.

என்னிடம் இருப்பது பழைய மர வள்ளம். நானும் மனைவியின் தம்பி ரகுவும் அதில் கொட்டியார் குடாவுக்குள் போய்த் தூண்டில் போட்டுப் பிழைத்து வந்தோம். அதில் பூட்டியிருந்த பெற்றோல் எஞ்சினுக்குச் சாரல் பட்டாலே கோபம் வந்துவிடும். பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஊதி, கெஞ்சி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டி முடித்த பிறகுதான் இருமிக்கொண்டு எழும்பும். ஒருநாள் மழைக்குள் நடுக் குடாவில் நின்றுபோனது. ஒரு கப்பல் எங்களைப் பார்த்து ஊதிக்கொண்டே வர, கை கொப்பளிக்கத் துடுப்புப் போட்டு விலகித் தப்பினோம். கரைக்கு வந்த கையோடு டீசல் எஞ்சின் போடுவதென்று முடிவெடுத்தேன். புதியது வாங்க வசதியில்லை, பழையது ஒன்றைத் தேடினேன்.

கடலை விட்டு உள்ளே, வயல் ஊரான கிளிவெட்டியில் ஒரு வீட்டில் கிடைத்தது. இரண்டு சில்லு உழவு மெசினில் இருந்த எஞ்சின். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து நடந்து வயல் உழுவார்களே, அந்த மெசின்தான். அதை ஓட்டியவர் வேலாயுதம். உழுதுகொண்டிருந்தபோதே பாரிசவாதம் வந்து சேற்றில் விழுந்தவர். மெசின் ஆளில்லாமல் போய் வரம்பில் முட்டி நின்றதாம். அன்றோடு அவருடைய நடை போய்விட்டது, கட்டிலோடு கிடக்கிறார். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு மனைவி கனகம்மா எஞ்சினை விற்றார். நாங்கள் அதைத் தூக்கி ஏற்றியபோது மனிதர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது, ஆனாலும் கொண்டுவந்துவிட்டேன்.

பெற்றோல் எஞ்சினைக் கழற்றி இறக்கியதும் வள்ளம் தக்கை மாதிரி மிதந்தது. டீசல் அதைவிட நல்ல பாரம். எஞ்சினைத் தாங்குகிற பழைய கட்டையில் உட்காரவில்லை. அகலமாகப் புதுக் கட்டை போட்டு, பின்பக்கம் அமிழ்ந்துவிடாமல் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வைத்து, விசிறியைச் சுற்றுகிற ஷாப்ட்டுக்கு நேராக வரும்வரை தகடு செருகிச் செருகி எடுத்து, எனக்கும் ரகுவுக்கும் முதுகு முறிந்துவிட்டது. கராஜ் வைத்திருக்கிற ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, வயலில் ஓடிய எஞ்சின் கடலுக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அப்படிச் சொன்னதற்காகவே எல்லா நட்டையும் இன்னொரு தரம் இறுக்கினேன்.

நன்றாக விடிந்த பிறகுதான் ஓட்டிப் பார்க்கப் போனோம். இருட்டில் எதையோ கண்டு பயந்தோம் என்று யாரும் சொல்ல வழியில்லை. எஞ்சினைக் கிளப்புகிற கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன், முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ரகு சிரித்தான், எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை. குடாவுக்குள் இறங்கியபோது கரைப் பக்கமிருந்து வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக எழும்பி எங்களுக்குப் பின்னால் வந்தன. உழவுச் சத்தம் கேட்டால் புழு பொறுக்கக் கொக்கு வரும், அதில் ஒரு அதிசயமும் இல்லை.

"பாவம், ஏமாந்து வருதுகள்" என்றான் ரகு.

பிறகு அவை இறங்கின. வள்ளத்துக்குப் பின்னால் நுரை ஓடுகிற இடத்தில் இறங்கி நடந்தன. நீந்தவில்லை, மிதக்கவில்லை, கண்ணாணை நடந்தன. ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து, கழுத்தை நீட்டித் தண்ணீரைக் கொத்திக்கொண்டு, உழுத வயலில் எப்படி நடக்குமோ அப்படியே. மணல் திட்டாக இருக்கும் என்று நினைத்து எஞ்சினை மெதுவாக்கி, ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கினேன். கயிறு முழுவதும் போனது, குண்டு நிலத்தில் தட்டவில்லை. கப்பல் வந்து போகிற ஆழம் அது.

"அத்தான், நடுவில பாருங்கோ" என்றான் ரகு. அவனுடைய குரல் மாறியிருந்தது.

"நடுவில என்ன?"

"இடம் விட்டு நடக்குதுகள்."

உண்மைதான். கொக்குகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு வந்தன. உழவு பார்த்தவர்களுக்குத் தெரியும், மெசினுக்குப் பின்னால் நடக்கிறவருக்குக் கொக்கு ஒதுங்கித்தான் வரும். அந்த இடத்தில் யாரும் இல்லை. நான் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தேன். தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

கரை தட்டியதும் ரகு குதித்து இறங்கினான். "இனி நான் இதில ஏற மாட்டன் அத்தான். ஒண்டில் எஞ்சினைக் கழட்டுங்கோ, இல்லாட்டி என்னை விடுங்கோ."

எனக்கு வந்தது பயமில்லை, கோபம். எதையோ மறைத்து என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து, அன்று முற்பகலே பஸ் ஏறிக் கிளிவெட்டிக்குச் சண்டை பிடிக்கப் போனேன். கனகம்மா கட்டிலடியில் வாளியோடு இருந்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை, அவர்தான் முதலில் கேட்டார்.

"தம்பி, இண்டைக்கு விடிய எஞ்சினை ஓட்டினீங்களோ?"

"ஓம் அக்கா. ஏன் கேக்கிறீங்கள்?"

"மெசின் சத்தம் கேக்குது, நான் நடந்தனான் எண்டு இவர் சொல்றார். இஞ்ச பாருங்கோ."

போர்வையை விலக்கினார். இரண்டு உள்ளங்கால்களும் நனைந்து, விரலிடுக்கில் சேறு ஒட்டியிருந்தது. கட்டிலை விட்டு இறங்காத மனிதர். நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நல்ல இனிப்பு, எஞ்சின் வாங்க வந்த அன்று குடித்திருக்கிறேன். கொண்டுபோன சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை. எஞ்சினைத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அப்போதுதான் வேலாயுதம் தலையைத் தூக்கினார். வார்த்தை குழறியது, ஆனாலும் விளங்கியது.

"நிப்பாட்டாத தம்பி. படுத்துக் கிடக்க ஏலாது. நீ ஓட்டு."

சொல்லிவிட்டு நல்லாயிருந்த பக்கத்து வாயால் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அந்த முகத்தை நான் காணவில்லை தம்பி என்று சொல்லிக் கனகம்மா அழுதார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்குப் புத்தி சொல்லாத ஆள் இல்லை. கோயிலுக்கு நேர்ந்து வை என்றார்கள், எஞ்சினைக் கடலில் தள்ளு என்றார்கள், வள்ளத்தையே எரி என்றும் ஒருவர் சொன்னார். எரிக்கிறதென்றால் முதலில் உங்கள் நாக்கை எரியுங்கள் என்று அனுப்பினேன். ரகு நிலாவெளியில் வேறொரு வள்ளத்துக்குப் போய்விட்டான். அது எனக்கு உண்மையாகவே வலித்தது. சின்ன வயதிலிருந்து என்னோடு கடலுக்கு வந்தவன், இப்போது என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறான். நான் தனியாகப் போய்த் தனியாக வருகிறேன். கொக்குகள் தினமும் வருகின்றன.

ஆனால் ஒன்று. முதலில் அவை தண்ணீர் மேல் நடந்தன. பிறகு கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழத் தொடங்கின. கிளிவெட்டியில் வேலாயுதத்தின் உடம்பில் ஈரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. உள்ளங்கால் போய்க் கணுக்கால், கணுக்கால் போய் முழங்கால். கனகம்மாதான் போனில் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த மனிதரை நானே கொண்டுபோய்க் கடலுக்குள் இறக்குகிறேனோ என்று நினைத்து வள்ளத்தைக் கட்டிப்போட்டேன். சில நாள் போனது. கனகம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"சாப்பிடுறார் இல்லை தம்பி. சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். உங்கட காலைப் பிடிச்சுக் கேக்கிறன், ஓட்டுங்கோ."

"அக்கா, ஏதும் நடந்தா?"

"அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கிறார்."

மறுநாளே ஓட்டினேன். அவர் எழும்பிச் சாய்ந்திருந்து கஞ்சி குடித்தாராம். வேலைக்குப் போகிறவர் மாதிரி, விடிகிறதுக்கு முன்னமே சட்டை போட்டுவிடச் சொல்லிக் கேட்கிறாராம். போன மாதம் நானே போய்ப் பார்த்தேன். கொடியில் அவர் இடுப்பில் கட்டுகிற சாரம் காய்ந்துகொண்டிருந்தது. இடுப்பு வரைக்கும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மனிதர் முன்பைவிடத் தெளிவாகக் கதைத்தார். குடாவில் மண் நல்ல மிருதுவாம், மாடு கட்டி உழுதாலும் உழலாமாம். நான் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன்.

சட்டம் படித்தவர்கள் இதைக் குற்றம் என்று சொல்வார்களோ தெரியாது. சொல்லட்டும். நடக்கிற ஆளை வழியில் மறித்து, போய்க் கட்டிலில் படு என்று சொல்ல என்னால் ஏலாது. உங்களால் ஏலுமென்றால் கிளிவெட்டிக்குப் போய் அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இன்றைக்கு விடிய வந்த கொக்குகளுக்குக் கழுத்தும் தலையும்தான் வெளியில் தெரிந்தன. அப்போதும் நடுவில் இடம் விட்டுத்தான் வந்தன. பின்னேரம் வேலாயுதமே போனில் கதைத்தார். "நாளைக்கும் வருவியோ?" என்று கேட்டார். "ஓம் அண்ணை" என்றேன். பிறகு கனகம்மா போனை வாங்கிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தது சத்தத்தில் தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, அவருடைய சட்டையைக் கழற்றும்போது நெஞ்சுப் பொக்கற்றுக்குள் ஏதோ அசைந்தது, கையை விட்டுப் பார்த்தேன், ஒரு இறால் குஞ்சு, உயிரோடு துடித்தது தம்பி என்றார்.

டீசல் நிரப்பி வைத்திருக்கிறேன். விடிந்ததும் ஓட்டத்தான் போகிறேன், யார் வந்து மறித்தாலும். அந்த இறாலைப் பற்றி மட்டும் என்னிடம் ஒன்றும் கேட்க வேண்டாம்.