நான் திருப்பாத பக்கம்

பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்வதா, இல்லை ஒரு வருடம் காத்திருந்து எஸ்.டி.பி.எம். தேர்வை மறுபடி எழுதுவதா என்று முடிவு செய்ய எனக்குப் பத்து நாள் இருந்தது. அதில் ஒன்பது நாளை ஒன்றும் செய்யாமலே கடத்திவிட்டேன்.

கிடைத்தது மீன்வளர்ப்புப் படிப்பு, கிழக்குக் கரையில். நான் கேட்டிருந்தது பார்மசி. தேர்வு முடிந்த வாரமே கோல சிலாங்கூர் டவுனில் ஒரு மருந்துக்கடையில் கல்லாவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆள் வராத நேரத்தில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்து முழுவதும் வாசிப்பேன். எது எதோடு சேராது, எதைச் சாப்பாட்டுக்கு முன்னால் விழுங்க வேண்டும், எல்லாம். ஒருநாள் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தவர் கூடவே மூட்டு வலிக்கும் ஒரு அட்டை எடுத்தார். நான் கல்லாவைத் திறந்து போட்டுவிட்டு மருந்தாளரிடம் ஓடினேன். மருந்தாளர் வலி மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, "இன்னொரு தடவை கல்லாவைத் திறந்து போட்டால் சம்பளத்தில் பிடிப்பேன்" என்று மலாயில் சொன்னார். எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. இதுதான் என் வேலை என்று தெரிந்துவிட்டது.

மீன்வளர்ப்பை ஏற்றுக்கொண்டால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்று பள்ளி ஆசிரியை சொல்லியிருந்தார். விட்டால் ஒரு வருடம் வீட்டில். எதைத் தேர்ந்தாலும் இன்னொன்று போய்விடும்.

அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஈஜோக் பக்கம் உள்ள தோட்டங்களிலிருந்து எண்ணெய் மில்லுக்கு நாளுக்கு மூன்று நான்கு நடை. முடிவு வந்த அன்று அவர் சொன்னது இதுதான்: "மறுபடி எழுதி என்னா பண்ணப் போற? நாலுக்கு மூனு புள்ளி ஏழு அஞ்சு எடுத்ததுக்கே குடுக்கல. இன்னும் கொஞ்சம் எடுத்தா மட்டும் குடுத்துருவானுங்களா? நம்ம தமிழ்ப் புள்ளைங்கன்னா இப்படித்தான். கிடைச்சத புடிச்சிக்க, பாப்பா."

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

கடைசித் தவணையின் வேதியியல் தாளை நான் அரை மணி நேரம் முன்னாலேயே முடித்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான். எல்லாவற்றிலும் அவசரம், சாப்பாட்டில்கூட. பேனாவை மூடிவைத்துவிட்டுத் திடலில் புல் வெட்டுகிற இயந்திரத்தை வேடிக்கை பார்த்தேன். பிறகு பஸ் நிறுத்தத்தில் என் தோழி கேட்டாள்: "கடைசிப் பக்கத்துல அந்த அமினோ ஆசிட் கேள்வி எப்படிடீ போட்ட?"

கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது.

"ஈசி லா" என்றேன்.

வேதியியலில் பி வந்தது. மற்றதெல்லாம் ஏ. பார்மசிக்கு அந்த பி போதாது. ஆனால் எங்கள் குடியிருப்புத் தாமானில் யாரும் பாடம் பாடமாகக் கேட்கவில்லை. மொத்தப் புள்ளியைக் கேட்டார்கள், கோபப்பட்டார்கள். கடையில், கோயிலில், சலூனில், எனக்காக எல்லாரும் கோபப்பட்டார்கள். உண்மையிலேயே இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகளின் கதை ஒவ்வொரு வருடமும் எங்களுக்குக் கேட்டுப் பழக்கம். அந்த வரிசையில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். நான் போய்ச் சேரவில்லை, சேர்த்தபோது வாயைத் திறக்கவுமில்லை. அது ரொம்ப வசதியாக இருந்தது.

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. சாயந்தரம் ஐந்து மணிக்கு இணையத்தளம் மூடிவிடும். மூன்று மணிக்குக் கோயில் மண்டபத்தில் பத்திரிகையாளர் ஒருவர் வருவார் என்று கோயில் தலைவர் சொல்லியிருந்தார். "நல்ல புள்ளி எடுத்தும் இடம் கிடைக்காத மாணவர்கள்" என்று படத்தோடு செய்தி. அம்மா என் பஞ்சாபி சூட்டை இஸ்திரி போட்டு வைத்துவிட்டு ரவாங்குக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டார். "படத்துல கண்ண மூடிக்காத" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா என்னைக் காரில் கூட்டிப்போனார். மண்டபத்தில் எனக்கு முன்பே இன்னொரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான். செரண்டாவிலிருந்து அவள் அப்பாவோடு மோட்டார் சைக்கிளில் வந்திருந்தாள். தலைக்கவசம் அழுத்திய தடம் நெற்றியில் இன்னும் மறையவில்லை. மடியில் ஒரு கோப்பு, சான்றிதழ்கள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில். பல் மருத்துவம் கேட்டிருக்கிறாள். எதுவுமே கிடைக்கவில்லை, மீன்கூட இல்லை.

"எவ்ளோ பாயிண்டர்?" என்று கேட்டேன்.

"நாலு பிளாட்."

நாலுக்கு நாலு, முழுப் புள்ளி. அவள் கேட்டாள்: "நீங்க? கெமிஸ்ட்ரி என்னா?"

"பி."

"ஓ." கோப்பின் ஓரத்தை விரலால் தடவினாள். "பி-ன்னா பார்மசி கஷ்டம்தான் லா. கடைசிப் பக்கத்து கேள்வியா? அதுலதான் நெறைய பேரு மாட்டுனாங்க."

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அறிமுகமே இல்லாதவள் என்பதால்தானோ என்னவோ, பட்டென்று வந்துவிட்டது. "நான் அந்தப் பக்கத்த பாக்கவே இல்ல."

"கேள்விய பாக்கலயா?"

"பக்கத்தையே பாக்கல. திருப்பல."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், அந்தத் தேர்வைப் பற்றி முதல் தடவையாக. பிறகு அவள் சிரிப்பு பாதியில் நின்றது. என்னை நேராகப் பார்த்தாள்.

"அப்ப நீங்க ஏன் இங்க வந்திருக்கீங்க?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

கோயில் தலைவரோடு பேசிக்கொண்டிருந்த பத்திரிகையாளர் கேமராவோடு எழுந்தார். "ரெண்டு பேரும் கிட்ட வந்து நில்லுங்க. சர்ட்டிபிகேட்ட நெஞ்சு ஒயரத்துல புடிங்க." கோயில் தலைவர் என் தோளைப் பிடித்து அவள் பக்கத்தில் நிறுத்தினார். "மூஞ்சிய கொஞ்சம் சோகமா வெச்சிக்கம்மா. கல்யாண போட்டோவா இது?"

என் கையில் இருந்த தாளில் வேதியியலுக்கு நேரே அந்த பி. நாளைக்குப் பத்திரிகையில் அதை யாராவது உற்றுப் பார்த்தால்? பார்த்துவிட்டு, "ஓ, இவளுங்க கதை எல்லாம் இப்படித்தான்" என்று சொன்னால்? அப்போது பக்கத்தில் நிற்கிறவளின் நாலு பிளாட் என்ன ஆகும்?

"அங்கிள், என்னைய விட்டுருங்க. நான் இந்தப் படத்துல நிக்கக் கூடாது."

"ஏம்மா, கூச்சமா?"

"இல்ல அங்கிள். கெமிஸ்ட்ரி பேப்பர்ல நான் ஒரு பக்கத்த விட்டுட்டேன். அதனாலதான் கிடைக்கல. இவங்களுக்கு நடந்தது வேற."

தலைவர் என்னைப் பார்த்தார், என் அப்பாவைப் பார்த்தார், கடைசியாகப் பத்திரிகையாளரைப் பார்த்தார். "இத காலையில சொல்லியிருந்தா என்னாம்மா? அவரு கிள்ளான்லேர்ந்து பெட்ரோல் போட்டு வந்திருக்காரு."

அப்பா எழுந்து வெளியே போனார். நான் பின்னால் போனேன். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் கேமரா முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தாள், கோப்பை இறுக்கிப் பிடித்து. அவள் முகத்தை யாரும் சோகமாக வைக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காரில் ஏறினோம். அப்பா சாவியைப் போட்டார், முடுக்கவில்லை. மணி நாலே கால். உள்ளே வெந்துகொண்டிருந்தது.

"திருப்பல?"

"திருப்பல ப்பா."

"எவ்ளோ நாளா தெரியும்?"

"அன்னிக்கே."

அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "மில்லுல லோரி எடை போடுற மலாய்க்காரன் இருக்கான்ல, அவன்கிட்ட பத்து நாளா நான் மூஞ்சி குடுத்துப் பேசல. பதினஞ்சு வருஷப் பழக்கம். 'உங்க ஆளுங்க என் புள்ளைக்கு எடம் குடுக்கல'ன்னு கத்திட்டேன். அவன் என்னா பண்ணுவான் பாவம், எடை போடுறவன்."

எனக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால் தேவலை. அவர் அந்த மனிதரை நினைத்துக்கொண்டிருந்தார், என்னை இல்லை.

நாலே முக்காலுக்குக் காரின் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு மூடிருவானுங்களா?"

"ஆமா."

"மீனு படிக்கப் போறியா?"

கைப்பேசியில் இரண்டு பொத்தான்கள் தெரிந்தன, ஏற்கிறேன், மறுக்கிறேன். விரல் வழுக்கி எதிலாவது பட்டுவிடுமோ என்று தொடையில் வைத்திருந்தேன். மீன்வளர்ப்பில் தப்பில்லை. ஏற்றுக்கொண்டால் இன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். அப்பா வெளியே தலை நிமிரலாம், பிள்ளை யுனிவர்சிட்டியில் என்று சொல்லலாம். நான் திருப்பாத பக்கத்தை யாரும் அப்புறம் பேச மாட்டார்கள்.

"மறுபடி எழுதுறேன் ப்பா."

"எழுதுனா குடுத்துருவானுங்களா?"

"தெரியாது. ஆனா அப்பவும் குடுக்கலன்னா, நீங்க கத்தலாம். நானும் சேந்து கத்துறேன். படத்துலயும் நிக்கிறேன்."

அவர் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சிரிப்பா என்று தெரியவில்லை. "ஒரு வருஷம் பூரா என் மூஞ்சியதான் பாக்கணும். பாத்துக்க."

மறுக்கிறேன் என்பதை அழுத்தினேன். உறுதிதானா என்று கேட்டது. கையெல்லாம் வேர்த்திருந்ததால் இரண்டு தடவை அழுத்தியும் பதியவில்லை. பஞ்சாபி சூட்டின் துப்பட்டாவில் விரலைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை அழுத்தினேன். ஐந்தாக ஆறு நிமிடம் இருந்தது. தேர்வுத் தாளை முடித்த வேகத்தில் இல்லாமல், திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசித்தேன்.

மறுநாள் அப்பா வேலையிலிருந்து தாமதமாக வந்தார். எடை போடுகிறவரோடு தேநீர்க் கடையில் தே குடித்தாராம்.

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சான். ரொம்ப நேரம் சிரிச்சான். தே காசையும் என்னையே குடுக்க வெச்சிட்டான்." சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "எங்க அந்த பாரம்?"

வெளி மாணவராகத் தேர்வு எழுதப் பதியும் பாரத்தைப் புத்தகக்கடையில் அச்செடுத்து வைத்திருந்தேன். இரண்டு தாள்தான். அப்பாவுக்கு மலாய் வாசிப்பதில் பொறுமை கிடையாது, எந்தப் பாரமாக இருந்தாலும் கையெழுத்து போடும் கோட்டை மட்டும் தேடுவார். அன்றைக்கு முதல் தாளைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். பின்புறம் பார்த்தார். இரண்டாவதையும் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

"ஒன்னும் இல்ல" என்று எனக்குக் காட்டிவிட்டு, என் பேனாவைக் கேட்டார்.