மொட்டையை விற்ற மதியம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லைகளை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துக் கொடுப்பவள் என்பதால் அவளை எல்லோரும் கண்ணாடி அக்கா என்றே கூப்பிட்டார்கள். தம்பியின் நண்பர்கள் ஆரம்பித்து வைத்தது, கடையிலும் ஒட்டிக்கொண்டது. வேலையால் வந்த சுபாவமோ, சுபாவத்துக்கு அமைந்த வேலையோ, எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடமாட்டாள். கண்ணின் மையத்திலிருந்து வில்லையின் மையம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி. தேய்த்துவிட்ட வில்லை திரும்ப வளராது. மிஷினில் வைக்குமுன் மூச்சை ஒரு கணம் நிறுத்திக்கொள்வாள். வீட்டிலும் அதே கதைதான். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். "கதவு கையோட வந்துரப்போகுது, விடுக்கா" என்பான் தம்பி.

கேலி செய்ய இப்போது அவன் இல்லை. நன்றாக இருந்தவன், வேலை செய்கிற இடத்தில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சட்டைகளை அம்மா மடித்து வைத்துக்கொண்டாள். கைபேசி அக்காவிடம் வந்தது. அதற்குள் ஒரு கால்பந்து அணி இருந்தது.

நிஜ அணி இல்லை. தம்பியும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து ஆடும் கற்பனை ஆட்டம். நிஜமான கிளப்புகளில் ஆடும் வீரர்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்வார்கள். வார இறுதி ஆட்டங்களில் அந்த வீரர்கள் கோல் போட்டாலும் தடுத்தாலும் அவர்களை வைத்திருப்பவனுக்குப் புள்ளி சேரும். வேண்டுமானால் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். அந்த மாற்று அநியாயம் என்று மூன்று பேர் ஆட்சேபித்தால் செல்லாது. பாதி சீசனுக்குள் ஒரு மாற்றுகூடச் செய்யாத அணிக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அதைக் கலைத்து, வீரர்களை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். சோம்பேறி ஒருத்தனை மாட்டிவிடுவதற்காக அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவனே தம்பிதான்.

பாதி சீசன் இந்தச் சனிக்கிழமை மதியம், முதல் ஆட்டத்தின் விசிலோடு முடிகிறது. அணியில் அவன் வைத்துவிட்டுப் போன ஆட்களே இன்னும் அப்படியே இருந்தார்கள். ஒருவனைத் தொடவும் அவளுக்குக் கை வரவில்லை. "உங்களுக்கு மட்டும் விட்டுடலாங்க்கா" என்று வாத்தியார் சொல்லிப் பார்த்தான். பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவன், ஆட்டத்தை நடத்துபவனும் அவனே. "அவன் போட்ட சட்டத்த அவன் டீமுக்கே தளத்துறதா? வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். ஆனால் ஞாயிறுதோறும் அம்மா வாய் திறந்து கேட்கும் ஒரே கேள்வி, "இந்த வாரம் அவன் எத்தனாவது?" என்பதுதான். கலைத்துவிட்டால் பட்டியலில் அவன் பெயர் இருக்காது. அம்மா என்ன கேட்பாள்?

வெள்ளிக்கிழமை அவளே வலியப்போய் ஒரு மாற்றுக்கு ஆள் தேடுவதற்குள், பேக்கரிக்காரனிடமிருந்து செய்தி வந்தது. அவனும் தம்பியின் கூட்டாளிதான், பேக்கரி நடத்துபவன். கூட்டத்திலேயே கஞ்சன் என்று பேர் வாங்கியவன். முழங்காலில் கட்டுப்போட்டுப் படுத்திருக்கும் அவளுடைய நடுக்களக்காரனைக் கேட்டான். பதிலுக்குத் தருவதாகச் சொன்னது நெட்டையை. அந்த சீசனில் எல்லோரையும்விட அதிகமாகக் கோல் போட்டிருப்பவன் அந்த நெட்டை.

இரண்டு தடவை படித்தாள். சம்மதம் என்ற பொத்தானை அழுத்தினாள். அணி தப்பித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். மனசு மட்டும் ஆறவில்லை.

சாயங்காலம்வரை யாரும் ஆட்சேபிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது பார்த்தாள், அப்போதும் இல்லை. "போன்ல என்ன, ஊரே எரியுதா?" என்றாள் அம்மா. "ஒண்ணுமில்லம்மா." உண்மையில் ஒன்றுமே இல்லாததுதான் அவளைப் படுத்தியது.

சனிக்கிழமை காலை கடைக்கு வந்ததும், பின்னறையில் நின்றபடியே கூட்டாளிகள் கைபேசியில் பேசிக்கொள்ளும் குழுவின் பழைய பேச்சுகளைத் தள்ளிப் பார்த்தாள். போன சீசனில் தம்பி ஒரு சப்பை ஆளைக் கொடுத்து இன்னொரு சப்பை ஆளை வாங்கியதற்கே பேயாட்டம் ஆடியிருந்தார்கள். பகல்கொள்ளை என்றான் ஒருவன். இவனை வீட்டுக்குள் விட்டால் விளக்குமாறும் மிஞ்சாது என்று எழுதியவன் இதே பேக்கரிக்காரன். அப்போது கட்டுப்போட்ட காலுக்கு நெட்டையைக் கொடுத்திருந்தால் ரகளையே நடந்திருக்கும். நேற்றிலிருந்து சத்தமே இல்லை. சாவு வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல நடந்து வருவது மாதிரி எல்லோரும் குழுவுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வாத்தியாரைக் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா, நேத்து நடந்தது நியாயமா?"

"அக்கா, அது... அவனா ஆசப்பட்டுக் குடுக்கறான்."

"என் தம்பிக்கு இப்படிக் குடுத்திருப்பானா?"

"அவனுக்கா? ஆறின டீகூடக் குடுக்கமாட்டான்."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்கு?"

கேட்டுவிட்டு மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்த மாற்று செல்லாமல் போய், வேறு ஒன்றும் அமையாவிட்டால் அணி போயிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் அணி நிற்கும், நெட்டை வாராவாரம் கோல் போடுவான், அம்மாவிடம் நல்ல இடமாகச் சொல்லலாம். ஆனால் அந்தப் புள்ளியெல்லாம் யாருடையது? தம்பி ஜெயித்ததாகச் சொன்னால் அம்மா நம்புவாள். தனக்கு நாக்கு எழாது.

மூச்சை நிறுத்திக்கொண்டு, தன் மாற்றுக்குத் தானே ஆட்சேபம் போட்டாள்.

"என்னக்கா பண்ணிட்டீங்க?" என்றான் வாத்தியார்.

"நீயும் போடு. இன்னொருத்தனையும் போடச் சொல்லு."

மூன்று ஆட்சேபம் சேர்ந்ததும் மாற்று செல்லாமல் போனது. மறுநிமிடமே பயம் பிடித்துக்கொண்டது. முன்கடையிலிருந்து முதலாளி ஒரு ஃபிரேமை நீட்டி, "கஸ்டமர் வெயிட் பண்றாரும்மா" என்றார். வில்லையில் வைத்த குறி மையத்திலிருந்து தள்ளிப்போயிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். தேய்த்து முடித்து, பொருத்தி, வெளியே அனுப்பிய பிறகுதான் பேக்கரிக்காரனுக்குப் போன் போட்டாள்.

"கோவமா அக்கா?" என்றான். பின்னால் தட்டுகள் இடிபடும் சத்தம்.

"கோவமெல்லாம் இல்ல. நேரமில்ல, சட்டுன்னு சொல்லு. என் டீம்ல உனக்கு நெசமா வேணுங்கற ஆள் யாரு?"

தயங்கினான். "சொன்னா தப்பா எடுத்துக்குவீங்க."

"சொல்லு."

"மொட்டை."

அவளுக்குத் தெரிந்திருந்தது. கோல்கீப்பர் மொட்டை, தம்பி முதன்முதலாக எடுத்த ஆள். அம்மா பெயர் வைத்து அடையாளம் காணும் ஒரே வீரன். "எங்கப்பா தலை மாதிரியே பளபளன்னு இருக்கு" என்று டிவிக்கு முன்னால் நகர்ந்து உட்காருவாள். அணியில் இன்னொரு கோல்கீப்பர் இருந்தான், அதனால் மொட்டையைக் கொடுக்க முடியும். கொடுக்க முடியும் என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"பதிலுக்கு?"

"நம்ம பெஞ்சுல ஆடாம உக்காந்திருக்கற ஒரு பையன் இருக்கான்..."

"பெஞ்சுல உக்கார என்கிட்டயே ஆள் இருக்கு. உன் டீம்ல ஆடற சுருட்டையக் குடு."

"சுருட்டையா? அக்கா, அவன் வாராவாரம் ஆடறான். மொட்டைக்கு வயசாச்சு."

"வயசானவர வாங்க நீ ஏம்ப்பா இப்படிப் பறக்கற?"

அந்தப் பக்கம் சிரித்துவிட்டான். இத்தனை மாதத்தில் அவளோடு பேசும்போது அவன் சிரித்தது இதுதான் முதல்முறை. "தம்பிய விட மோசம் நீங்க. சரி, எடுத்துக்கங்க."

பொத்தானை அழுத்தினார்கள். விசிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. உடனே ஒரு ஆட்சேபம் விழுந்தது: 'கண்ணாடி விக்கிற வீட்டுல பேக்கரிக்காரன் கண்ணக் கட்டிட்டாங்க.' பின்னாலேயே இரண்டாவது: 'சுருட்டைக்கு மொட்டையா? சீப்ப யாரு வச்சுக்கறது?' இன்னும் ஒன்று விழுந்தால் எல்லாம் காலி. கைபேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தினாள், மறுபடி கவிழ்த்தாள். ஆனால் எத்தனை நாளைக்குப் பிறகு இந்தச் சத்தம். மூன்றாவது வரவில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

சனிக்கிழமை அரை நாள் கடை. கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அம்மா டிவி முன்னால் இருந்தாள். திரையில் மொட்டை பக்கவாட்டில் பாய்ந்து, உள்ளே போகவேண்டிய பந்தைத் தட்டிவிட்டான். அம்மா கை தட்டினாள்.

"பாத்தியா நம்ம மொட்டைய?"

அக்கா செருப்பைக் கழற்றினாள். "அவன் இப்ப நம்ம ஆள் இல்லம்மா. குடுத்துட்டேன். குடுக்கலன்னா டீமையே கலைச்சிருப்பாங்க."

தட்டிய கைகள் மடியில் இறங்கின. கைபேசி அதிர்ந்தது. பேக்கரிக்காரன்: 'தடுத்தான் பாத்தீங்களா? ரொம்ப நன்றி அக்கா.'

அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, "அவனும் இப்படித்தான். எனக்குப் புடிச்சவனாப் பாத்துக் குடுத்துட்டு வந்து நிப்பான்," என்றாள். அவள் பக்கம் திரும்பி, "பதிலுக்கு யாரு?"

"சுருட்டை முடிக்காரன் ஒருத்தன். அடுத்த ஆட்டத்துல வருவான்."

"ஓடுவானா?"

"தெரியலம்மா. பயமாத்தான் இருக்கு."

அம்மா நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். "உக்காரு. வந்தா காட்டு."