பிரபு சொன்னதும் லாக்லன் சொன்னதும்

ஸ்ட்ராத்கெல்லன் கோட்டையில் லாக்லன் மட்ச் எடுபிடியாகச் சேர்ந்தபோது அங்கே எல்லாம் இருந்தது. நாற்பது அறைகள், அவற்றில் முப்பதில் ஒழுக்கு, சுவரெல்லாம் மான் தலைகள். இல்லாதது பிரபுவுக்கும் அவர் மனைவி யூஃபீமியாவுக்கும் பேச்சுவார்த்தை மட்டும்தான்.

"உங்க அப்பா பட்டத்தைவிட என் பூட்ஸுக்கு வயசு அதிகம்" என்று ஏதோ விருந்தில் பிரபு மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டாராம். உயர்குலத்தார் அடித்துக்கொள்வார்களா? கௌரவமாகக் கோட்டைக்குள்ளேயே ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். பிரபு கிழக்கே, சீமாட்டி மேற்கே. யார் பக்கம் சேருவது என்று தெரியாமல் மூன்று மகள்களும் நாய் வளர்த்தார்கள். நடுவில் சேதி சுமப்பது லாக்லனின் வேலை.

முதல் வாரம் சொன்னதைச் சொன்னபடியே சொன்னான். சீமாட்டி வீசிய தேநீர்க் கோப்பையால் நெற்றியில் மூன்று தையல். அதன்பிறகு அவனுக்குப் புத்தி வந்தது.

"அந்தப் பொம்பளை குரல் இங்கவரைக்கும் கேக்குது. வாயை மூடச் சொல்லுடா" என்பார் பிரபு.

லாக்லன் மாடி ஏறி இறங்கி, மேற்கே போய்க் குனிந்து, "உங்க குரல் காத்துல வந்துச்சாம், அம்மா. எஜமான் கேட்டுக்கிட்டே இருந்தார்" என்பான்.

"கிழட்டு ஆடு! இன்னும் சாகலியா?" என்பாள் சீமாட்டி.

"எஜமான், அம்மா உங்க உடம்பை விசாரிச்சாங்க."

சலவைக்காரி கிர்ஸ்டி, லாக்லனின் மனைவி, படுக்கை விரிப்பைப் பிழிந்தபடி கேட்டாள்: "இவ்வளவு தேனா வருதே, வீட்டுல ஒரு நாளாச்சும் வந்துச்சா?"

நாலு வருஷத்தில் சீமாட்டி உருகிவிட்டாள். நீலப் பட்டுடுத்திக் கிழக்கே வந்தாள். பிரபு கண் கலங்கினார். இனித் தேவையில்லை என்று லாக்லனை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவன் ஏரியில் படகோட்டப் போனான்.

நேரடிப் பேச்சு ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் சீமாட்டி மகள்களோடும் நாய்களோடும் எடின்பரோவுக்கு வண்டி ஏறினாள். பிரபு படகுத்துறைக்கு ஓடிவந்தார்.

"முன்னெல்லாம் எவ்வளவு பதமாப் பேசுவீங்க, இப்ப மாறிட்டீங்கன்னு அழுதுட்டுப் போயிட்டாடா! நான் எங்கடா மாறினேன்?"

"நீங்க மாறவே இல்லை எஜமான்" என்றான் லாக்லன், மனதாரவே.

இரட்டைச் சம்பளம் பேசி, எடின்பரோ போய்ச் சீமாட்டியை அழைத்துவந்தான். அவள் மறுபடியும் மேற்கே இறங்கினாள். இருபது வருஷம் ஒருவரையொருவர் பார்க்காமல் அவ்வளவு அன்பாக வாழ்ந்தார்கள்.

பிரபுவின் சவ அடக்கத்தில், "அப்படி இதமாப் பேச இனி யாரு இருக்கா?" என்று சீமாட்டி விம்மினாள். கிர்ஸ்டி இருமினாள். லாக்லன் தலையைக் குனிந்து சவப்பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினான், கனமாகத்தான் இருந்தது.